ஒரு மைல் கடற்கரை

அமெரிக்காவில் மனிதர்கள் நடப்பதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. பால் வாங்கி வர மோட்டார். தபால் போட்டு வர மோட்டார். உடம்பு இளைப்பதற்காக உலாவப் போகிறவர்கள்கூட உலாவும் இடம் வரையில் மோட்டாரில்தான் போவார்களாம். அப்படிப்பட்ட தேசத்தில், புளோரிடா மாகாணத்துக் கடற்கரையிலுள்ள ஸர்ப்சைடு என்னும் சிற்றூருக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேருகிறவர் சற்றுத் திகைத்துத்தான் போவார். சூரியன் மறையும் சமயம். காலின்ஸ் அவென்யூ என்ற பெரிய வீதியின் நடைபாதைகளில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் நடந்து செல்கிறார்கள். கறுப்புக் கோட்டும் தொப்பியும் அணிந்த தகப்பனார்கள், பண்டிகைக்குப் போவதுபோல் உடுத்திய தாய்மார்கள், தள்ளுவண்டியில் கைக்குழந்தைகள், பேரன் தோளைப் பற்றிக்கொண்டு மெள்ள வரும் தாத்தாக்கள். அவர்கள் விட்டு வந்த மாளிகைகளின் அடித்தளத்தில் உயர்ந்த விலை மோட்டார் வண்டிகள் வரிசையாகக் கிடக்கின்றன. மறுநாள் இரவு நட்சத்திரம் தோன்றும் வரையில் அவற்றை இவர்கள் தொடமாட்டார்கள்.

இவர்கள் யூதர்கள். நமது தேசத்தில் கொச்சிக்குப் போயிருக்கும் நேயர்கள், மட்டாஞ்சேரி யூதத் தெருவையும் அதன் கோடியில் 1568-ம் வருஷத்தில் எழும்பிய ஜெப ஆலயத்தையும் பார்த்திருக்கலாம். அங்கே இன்று யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆலயத்தைப் பார்க்க வருகிறவர்கள் ஏராளம். தொழ வருகிறவர்களைத்தான் காணோம். ஸர்ப்சைடில் கதை நேர்மாறு. தொழ வருகிறவர்களுக்காகவே ஊர் நாளுக்கு நாள் இடம் தேடிக்கொண்டிருக்கிறது.

ஊரோ மிகவும் சிறியது. கிழக்கே அட்லாண்டிக் மகா சமுத்திரம். மேற்கே பிஸ்கேன் என்னும் உப்பங்கழி. தெற்கே மியாமி பீச் நகரம். வடக்கே 96-வது வீதியைத் தாண்டினால் பால் ஹார்பர் என்ற மற்றொரு தனவந்தர் ஊர். இடையிலுள்ள கடற்கரையின் நீளம் ஏறக்குறைய ஒரு மைல். 2020-ம் வருஷத்து ஜனக் கணிதப்படி 5,689 பேர். நம் பக்கத்தில் இதைப் பெரிய கிராமம் என்பார்கள். கடலோரத்தில் பன்னிரண்டு மாடி மாளிகைகள். வீதிக்கு மேற்கே தோட்டத்துடன் கூடிய தனி வீடுகள். நடுவில் ஹார்டிங் அவென்யூவில் கடை கண்ணிகள். யூத ஆசாரப்படி சமைத்த ‘கோஷர்’ உணவுச்சாலைகளும் ரொட்டிக் கிடங்குகளும் அங்கே உண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ரொட்டிக் கடையில் கூட்டம் நெரிபடும். சூரியன் சாய்வதற்குள் கடை அடைத்துவிடும்.

இவர்கள் எல்லோரும் ஒரே தேசத்திலிருந்து வந்தவர்களும் அல்லர். நியூயார்க் குளிருக்குத் தப்பி வந்தவர்கள் ஒரு சாரார். காஸ்ட்ரோவின் புரட்சிக்குப் பின்னர் கியூபாவை விட்டு வந்தவர்களும், வெனிஸூலா, ஆர்ஜன்டீனா, கொலம்பியா முதலிய தேசங்களில் காலம் கெட்டபோது மூட்டை கட்டியவர்களும் மற்றொரு சாரார். ஆகையால் வீட்டில் ஸ்பானிஷ், கடையில் ஆங்கிலம், ஆலயத்தில் ஹீப்ரு என்று மூன்று பாஷைகளிலும் ஒரே குழந்தை வெளுத்து வாங்குவதைக் கேட்கலாம்.

ஆனால் இவர்கள் ஏன் நடக்கிறார்கள்? அந்த விஷயத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். இந்த ஊரின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

யூத சாஸ்திரப்படி வெள்ளிக்கிழமை அஸ்தமனம் முதல் சனிக்கிழமை இரவு வரையில் ஓய்வு நாள். ‘சபாத்து’ என்பார்கள். அன்று செய்யக் கூடாத வேலைகளை 39 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். விதைக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, எழுதக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது. மோட்டாரை ஓட்டினால் உள்ளே நெருப்புப் பொறி பறக்கிறதல்லவா? ஆகவே மோட்டார் கூடாது. மின்சார விசையைத் தட்டுவதும் கூடாது. விளக்கு தானே எரிந்து தானே அணையும்படி முன்கூட்டியே கடிகாரம் வைத்து ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். உணவை வெள்ளிக்கிழமையே சமைத்துச் சூடான தகட்டின்மேல் வைத்துவிடுகிறார்கள்.

மோட்டார் கூடாது என்றால் ஆலயத்துக்கு நடந்துதான் போக வேண்டும். நடக்க வேண்டுமானால் ஆலயத்துக்கு அருகில் குடியிருக்க வேண்டும். ஆசாரமுள்ள யூதருக்கு வீடு என்பது நாலு சுவர் மட்டும் அல்ல. ஆலயத்திலிருந்து எத்தனை நிமிஷ நடை என்பதும் சேர்ந்ததுதான் வீடு. அது மட்டுமா? கூட்டுப் பிரார்த்தனைக்கு வயது வந்த ஆடவர் பத்துப் பேராவது கூடவேண்டும் என்பது விதி. ஒன்பது பேர் மகா பண்டிதர்களாயிருந்தாலும் பயனில்லை. பத்தாவது ஆள் வரவேண்டும். மழையோ வெயிலோ, கூப்பிட்ட குரலுக்கு அந்தப் பத்தாவது ஆள் வந்துசேரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். ஆகையால் இந்த ஜனங்கள் நெருங்கி வாழ்வதை வெறும் ஜாதிக் கட்டு என்று எண்ணிவிடலாகாது.

பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் பத்தாவது மாடியில் குடியிருக்கும் பாட்டியம்மாள் சனிக்கிழமை காலையில் எப்படிக் கீழே இறங்குவாள்? லிப்டின் பொத்தானை அழுத்தினால் விதி மீறியதாகும். இதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ‘சபாத்து லிப்டு’ என்று ஒன்று. அன்று முழுவதும் அது யாரும் தொடாமலே மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு மாடியிலும் நின்று, கதவைத் திறந்து, சற்றுப் பொறுத்து மூடிக்கொள்ளும். பாட்டியம்மாள் உள்ளே நுழைந்து நின்றால் போதும். இதையும் ஒப்பாத ரப்பிகள் உண்டு. அவர்களைப் பின்பற்றுகிறவர்கள் படி ஏறி இறங்குகிறார்கள். பிற மதத்தாருக்குத்தான் சங்கடம். கடலில் குளித்துவிட்டு ஈரத் துணியுடன் பன்னிரண்டாவது மாடிக்குப் போக வேண்டிய ஆசாமி, மாடிதோறும் நின்று பெருமூச்சு விடும் லிப்டுக்குள் அகப்பட்டுக்கொண்டால் யூத சாஸ்திரத்தைப்பற்றி என்ன நினைப்பாரோ, நாம் அறியோம்.

இன்னொரு விதி, சபாத்து நாளில் பொது வீதியில் எந்தப் பொருளையும் சுமந்து செல்லக் கூடாது என்பது. வீட்டுச் சாவி, கைக்குட்டை, குழந்தை எல்லாம் இதில் அடங்கும். நடக்கத் தெரியாத குழந்தையை உடைய தாய் அன்று முழுவதும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான். அதற்காக ‘ஏரூவ்’ என்னும் எல்லை வகுக்கும் முறை ஏற்பட்டது. கம்பங்களை நட்டு, உச்சியில் கம்பி இழுத்து, பல வீதிகளை ஒரே வீட்டின் முற்றம்போலச் சூழ்ந்துவிடுகிறார்கள். அந்த எல்லைக்குள் சாவியை எடுத்துச் செல்லலாம். குழந்தையைத் தள்ளுவண்டியில் தள்ளிச் செல்லலாம். தெரியாதவன் கண்ணுக்கு அது தந்திக் கம்பி. தெரிந்தவர்களுக்கோ அது ஊரின் மதில். கம்பி எங்கேயாவது அறுந்தால் மதில் இடிந்ததற்குச் சமானம். ஆகவே வாரந்தோறும் சபாத்து ஆரம்பிப்பதற்கு முன் ஒருவர் சுற்றி வந்து கம்பி முழுதாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும். புயலடிக்கும் புளோரிடாவில் இது சாமானிய வேலையல்ல. கண்ணுக்கே தெரியாத ஒரு மதிலை வாரம் தவறாமல் பரிசோதிக்கும் இந்த வழக்கத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் சொல்லப்போகும் விஷயத்துக்கு இது வேண்டியிருக்கும்.

நடை தூரத்தின் பேரில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. ஹார்டிங் அவென்யூவில் ஒரு பாங்கிக் கட்டிடத்தின் மாடியை வாடகைக்குப் பிடித்து இரண்டு சிறிய ஜெப சபையார் தொழுதுவந்தார்கள். கடைவீதியில் ஆலயம் கூடாது என்றது நகரசபை. கடைவீதி செழிக்க வேண்டுமாம். ஆனால் அதே வீதியில் கிளப்புகள் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. ஆலயத்தைத் தள்ளிப் போட்டால் வயோதிகரும் நோயாளிகளும் புளோரிடா வெயிலில் அவ்வளவு தூரம் எப்படி நடப்பார்கள் என்று சபையார் வாதித்தனர். 2004-ம் வருஷம் அட்லாண்டா அப்பீல் கோர்ட்டார் தீர்ப்புக் கூறினர். நாலு வீதி அதிகமாக நடப்பது தாங்கமுடியாத பாரமல்ல என்றார்கள் நீதிபதிகள். சபையாரின் முகம் வாடியிருக்கும். ஆனால், சீட்டாடக் கூடுகிறவர்களுக்கு இடம் கொடுத்துவிட்டுக் கடவுளைத் தொழக் கூடுகிறவர்களைத் தடுப்பது சமநீதியாகாது என்று சொல்லி, அவர்களுக்கே வெற்றியளித்தனர்.

இவ்வளவு உரிமையோடு யூதர்கள் நடமாடும் இதே கடற்கரை ஒரு காலத்தில் அவர்களுக்கு அடைத்த கதவாக இருந்தது.

மியாமி பீச் 1915-ம் வருஷத்தில் நகரமாயிற்று. சதுப்பு நிலத்தைத் தூர்த்து மனையாக்கி விற்ற கார்ல் பிஷர் முதலிய முதலாளிகள், தங்கள் மனைகளை யூதருக்கு விற்பதில்லை என்று வைத்திருந்தனர். தென் கோடியில், ஐந்தாவது வீதிக்குத் தெற்கே மட்டும் அவர்களுக்கு இடம் கிடைத்தது. அங்கேதான் அவர்கள் 1929-ல் முதல் ஆலயத்தைக் கட்டினார்கள். அது இன்று புளோரிடா யூதர்களின் சரித்திரத்தைக் காட்டும் பொருட்காட்சிசாலையாக இருக்கிறது. வடக்கேயுள்ள ஹோட்டல்கள் ‘கிறிஸ்தவ வாடிக்கைக்காரருக்கு மட்டும்’ என்ற கருத்தில் பலகை தொங்கவிட்டன. கடற்காட்சி எப்போதும் உண்டு, யூதன் ஒருபோதும் இல்லை என்று எதுகை மோனையோடு பெருமையடித்துக்கொண்ட ஹோட்டலும் இருந்தது. வெள்ளைக்காரர் கிளப்பு வாசலில் நின்று திரும்பிய நம் முன்னோர்களுக்கு இந்த ரகப் பலகை புதிதல்ல.

ஸர்ப்சைடின் பிறப்பே ஒரு கிளப்பில்தான். 1930-ல் திறந்த ஸர்ப் கிளப்பின் அங்கத்தினர் 35 பேர் சேர்ந்து 1935-ல் இதைத் தனி ஊராக்கினார்கள். அந்த நாளில் அத்தகைய கிளப்புகளில் யூதருக்கு இடமில்லை என்பது எங்கும் உள்ள வழக்கம். யுத்தம் முடிந்து, தேர்தலில் தோற்றுப்போன சர்ச்சில் துரை 1946-ம் வருஷ ஆரம்பத்தில் இங்கே வந்து, கடலைப் பார்த்து உட்கார்ந்து சித்திரம் வரைந்துகொண்டிருந்தார். அதே 1946-ல் அண்டை ஊரான பால் ஹார்பர் உதயமாயிற்று. அதன் மனைப் பத்திரங்களிலும் யூதருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை இருந்தது. ஹிட்லர் ஒழிந்து அதிக காலம் ஆகவில்லை. ஐரோப்பாவில் சுமார் 60 லட்சம் யூதர்கள் மாண்டுபோன செய்தியை உலகம் அப்போதுதான் ஜீரணித்துக்கொண்டிருந்தது!

காலம் மாறிற்று. 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் நிறைவேற்றிக் கொடுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. 1949-ல் புளோரிடாவிலேயே பாகுபாட்டு விளம்பரங்களுக்கு எதிரான சட்டம் பிறந்தது. 1968-ல் வீட்டு விற்பனையில் ஜாதி மத பேதம் காட்டுவதை அமெரிக்கா முழுவதும் தடுத்தார்கள். யூதர்கள் ஐந்தாவது வீதியைத் தாண்டி ஒவ்வொரு வீதியாக வடக்கே ஏறினார்கள். நீக்ரோக்களுக்கு அந்தப் பாதை இன்னும் நீண்டதாயிருந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது தர்மமல்ல. மியாமி பீச்சில் ஹோட்டல் வேலை செய்யவே அவர்கள் போலீஸ் அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் இரவுக்குள் பாலத்தைத் தாண்டிப் போய்விட வேண்டும்.

1980-களில் லுபாவிச் என்னும் ஹஸிதிய மரபைச் சேர்ந்த ரப்பி ஷோலம் லிப்ஸ்கர் என்பவர், இந்தச் சுற்று வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆசார யூதர்களை வைத்துக்கொண்டு தொழுகை நடத்த ஆரம்பித்தார். பத்து ஆள் சேர்ப்பதே பிரயாசையான காலம் அது. இன்று ஸர்ப்சைடின் வடகோடியில், பால் ஹார்பரின் எல்லைக்கு வெகு அருகில், அந்தச் சபையின் பெரிய ஆலயம் எழும்பி நிற்கிறது. பத்திரத்தில் விலக்கி வைத்த ஊரின் வாசற்படியிலேயே ஆலயம் அமைந்துவிட்டது. லிப்ஸ்கர் 2025-ல் காலமானார்.

ஆனால் ஆசாரவாதிகளும் செல்வர்களும் மட்டுமே இந்த ஊரில் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். இங்கே ஒரு வீதிக்கு ஐஸக் பாஷெவிஸ் சிங்கர் என்ற எழுத்தாளரின் பெயர் இட்டிருக்கிறார்கள். போலந்தில் பிறந்து 1935-ல் அமெரிக்காவுக்கு வந்தவர். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டுப் பாஷையான யித்திஷிலேயே கடைசி வரையில் கதை எழுதினார். அந்தப் பாஷையில் பேசியவர்களில் ஏராளமானோரை நாஜிகள் கொன்றுவிட்டார்கள்; வாசகர்களை இழந்த பாஷையில் எழுதிய அந்த மனிதருக்கு 1978-ல் நோபெல் பரிசு வந்தது. 95-வது வீதி முனையிலிருந்த ஒரு மருந்துக்கடையின் சாப்பாட்டு மேஜைதான் அவருக்குப் பிடித்தமான இடம். (அமெரிக்காவில் மருந்துக்கடையில் சிற்றுண்டியும் கொடுப்பார்கள்.) நமக்குக் கொஞ்சம் சந்தோஷமளிக்கக்கூடிய செய்தி, அவர் மாமிசம் உண்ணாதவர் என்பது. 1991-ல் இந்த ஊரிலேயே காலமானார். அவரைப்போல அளவான வருமானத்தில், சிறிய அறைகளில், சமுத்திரக் காற்றை ஓசியாக வாங்கிக்கொண்டு காலம் தள்ளிய கிழவர்களும் கிழவிகளும் அந்நாளில் இந்தக் கடற்கரை நெடுக இருந்தார்கள்.

இனி, நாம் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

இந்தக் கடலோர மாளிகைகளில் ஒன்று சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத் என்பது. 1981-ல் கட்டியது, 12 மாடி, 136 ஜாகைகள். இதில் குடியிருந்தவர்கள் வாடகைக்காரரல்லர், பெரும்பாலும் சொந்தக்காரர்கள். ஆனால் அந்தச் சொந்தம் ஒரு விசித்திரமான சொந்தம். ஜாகையின் உட்புறம் அவரவருடையது. தூண்கள், கூரை, நீச்சல் குளம், மோட்டார் நிறுத்தும் அடித்தளம் முதலியவை எல்லோருக்கும் பொது. பொதுச் சொத்தைப் பராமரிக்கத் தங்களுக்குள்ளேயே ஒரு கமிட்டியைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். சம்பளம் கிடையாது, வசவு உண்டு. கமிட்டி பணம் கேட்டால் எல்லோரும் கொடுக்க வேண்டும். கொடுக்கச் சம்மதிப்பார்களா என்பது வேறு விஷயம்.

2018-ம் வருஷம் அக்டோபரில் ஓர் இஞ்சினீயர் கட்டிடத்தைப் பரிசோதித்து எழுதிக் கொடுத்தார். நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள தளம் சரிவு இல்லாமல் சமதரையாகக் கட்டப்பட்டிருந்தது. மழைத் தண்ணீர் ஓடாமல் தேங்கியது. தண்ணீரைத் தடுக்கும் பூச்சு கெட்டு, கீழேயுள்ள கான்கிரீட்டுக்குப் பெரிய சேதம் விளைந்திருந்தது. கடற்காற்றின் உப்பு உள்ளிருக்கும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்; துருப்பிடித்த இரும்பு பருத்துக் கான்கிரீட்டை வெடிக்கச் செய்யும். கடலோரத்தில் வீடு கட்டிய எவரும் அறிந்த விஷயந்தான். அடுத்த மாதமே நகரசபையின் கட்டிட அதிகாரி குடித்தனக்காரர்களின் கூட்டத்துக்கு வந்து, கட்டிடம் நல்ல நிலையில் இருப்பதாகத் தைரியம் சொன்னார் என்று கூட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறது.

செலவு எவ்வளவு, யார் கொடுப்பது, எதை முதலில் செய்வது என்று வாக்குவாதம் மூண்டது. 2019-ல் கமிட்டியின் ஏழு அங்கத்தினரில் ஐந்து பேர் ராஜினாமாச் செய்தார்கள். வருஷங்கள் ஓடின, ஆரம்பத்தில் 90 லட்சம் டாலர் அளவில் இருந்த மதிப்பீடு சுமார் 1 கோடியே 50 லட்சமாக ஏறிற்று. பொது நிதியில் இருந்ததோ 10 லட்சத்துக்கும் குறைவு. 2021 ஏப்ரலில் கமிட்டித் தலைவர் எல்லோருக்கும் கடிதம் எழுதி, சேதம் முன்னைவிட மோசமாகிவிட்டது என்று தெரிவித்தார். ஜாகையின் அளவுக்குத் தக்கபடி சுமார் 80,000 டாலர் முதல் 3,36,000 டாலர் வரையில் ஒவ்வொருவர் தலையிலும் விழுந்தது. ஓய்வுச் சம்பளத்தில் வாழும் ஒரு விதவைக்கு 80,000 டாலர் என்றால் விளையாட்டா? ஜூலை 1-ந் தேதி பணம் கட்ட ஆரம்பிக்க வேண்டுமென்று ஏற்பாடு.

ஜூன் 24-ந் தேதி, வியாழக்கிழமை, பின்னிரவு 1 மணி 22 நிமிஷம். நீச்சல் குளத்துத் தளம் முதலில் அமிழ்ந்தது. சில நிமிஷங்களில் மாளிகையின் நடுப்பகுதி சரிந்தது. அது விழுந்து சில விநாடிகளுக்குள் கடற்புறத்துப் பகுதியும் விழுந்தது. தூக்கத்திலிருந்தவர்கள் தூக்கத்திலேயே போனார்கள். மாண்டவர் 98 பேர். அவர்களில் யூதர் பலர். கியூபாக்காரர், கொலம்பியர், ஆர்ஜன்டீனர், பராகுவேக்காரர் இருந்தனர். கைக்குழந்தையுடன்கூடிய இந்திய வமிசத்து இளம் தம்பதிகளும் அந்த இடிபாட்டில் மடிந்தார்கள்.

அதன் பிறகு அந்தச் சிற்றூரில் நடந்தவற்றை எழுதப் புகுந்தால் தனி நூலாகும். ஆலயத்தின் மண்டபம் ஒரே நாளில் கிடங்கு ஆயிற்று. உடுப்பும் படுக்கையும் உணவும் மலைமலையாக வந்து குவிந்தன. யூதரா, கத்தோலிக்கரா என்று யாரும் கேட்கவில்லை. இஸ்ரேலிலிருந்தும் மெக்ஸிகோவிலிருந்தும் மீட்புப் படையினர் வந்தார்கள். சபாத்தும் வந்தது. ஆனால் உயிரைக் காப்பாற்றுவதற்காகச் சபாத்து விதியை மீறலாம் என்பது மட்டுமல்ல, மீறியே ஆக வேண்டும் என்பது யூத சாஸ்திரம். அந்தச் சனிக்கிழமையிலும் யந்திரங்கள் ஓய்ந்து நிற்கவில்லை. புயல் நெருங்கியதால் எஞ்சி நின்ற பாதிக் கட்டிடத்தை ஜூலை 4-ந் தேதி இரவு வெடி வைத்துத் தகர்த்தார்கள். அன்று அமெரிக்க சுதந்திர தினம். ஜூலை 7-ந் தேதி, இனி உயிருடன் எவரும் கிடைக்கமாட்டார்கள் என்று அறிவித்தார்கள். இறந்தவரை மறுநாளைக்குள் அடக்கம் செய்ய விரும்பும் ஜாதியினர், தங்கள் தாய் தந்தையின் உடல் எப்போது கிடைக்கும் என்று ஒரு மாதம் வரையில் காத்திருந்தார்கள்.

பின்னர் நடந்த அரசாங்க ஆராய்ச்சியில், குளத்துத் தளம் கட்டிய நாளிலேயே விதிகளுக்குப் போதிய பலமின்றி அமைக்கப்பட்டிருந்தது என்று புலப்பட்டிருக்கிறது. போதாததற்குப் பிற்காலத்தில் கனமான பூந்தொட்டி மேடைகளையும் அதன்மேல் ஏற்றியிருந்தார்கள். ஆகையால் குற்றத்தைக் குடித்தனக்காரர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. ஆனாலும் நமக்கு ஒரு எண்ணம் தோன்றாமல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கம்பி மதிலை வாரந்தோறும் சுற்றிப் பார்க்க ஓர் ஆளை வைத்த இந்த வட்டாரத்தில், கண்ணுக்குத் தெரிந்த தூணைப் பார்க்க நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் சட்டம் ஆள் கேட்டது. கம்பியைப் பார்ப்பவரைக் கடவுள் அனுப்பினார். தூணைப் பார்ப்பவரை ஓட்டுப் போட்டு அனுப்ப வேண்டியிருந்தது. ஓட்டுப் போடுகிறவர்களுக்கு அடுத்த வருஷம் எப்போதும் சௌகரியமாகவே தோன்றும்.

2022-ல் புளோரிடா சட்டசபை விழித்துக்கொண்டது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள கூட்டு வீடுகளுக்கு 30 வருஷமானதும் பரிசோதனை வேண்டும். கடலோரத்தில் 25 வருஷத்திலேயே நடத்தலாம். பழுது பார்க்கும் நிதியை ஒதுக்காமல் ஓட்டெடுத்துத் தள்ளிப்போடும் பழைய சலுகையும் போயிற்று. நல்ல சட்டம், சந்தேகமில்லை. ஆனால் முப்பது வருஷமாகச் சேர்க்காத நிதியை மூன்று வருஷத்தில் சேர்க்கச் சொன்னால் எளியவர்கள் எங்கே போவார்கள்? மாதச் சந்தா ஏறிற்று. திடீர் வசூல்கள் வந்தன. கடலோரத்துப் பழைய கட்டிடங்களில் சிறிய ஜாகை வைத்திருந்த முதியவர்கள் பலர் விற்றுவிட்டுப் போகிறார்கள். கட்டிடக் கம்பெனிகள் பழைய வீடுகளை மொத்தமாக வாங்கி இடித்துவிட்டுப் பெருந் தனவந்தருக்கான மாளிகைகளை எழுப்புகின்றன. பத்திரத்தில் யூதரை விலக்கிய நிபந்தனை ஒழிந்தது. இப்போது விலையே ஒரு நிபந்தனையாகி நிற்கிறது. அது எந்த மதத்தாரையும் பேதமின்றி விலக்குகிறது.

விழுந்த மாளிகையின் மனையை 2022-ல் துபாயைச் சேர்ந்த ஒரு கம்பெனி 12 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. நஷ்டஈடாகக் கோர்ட்டு மூலம் 100 கோடி டாலருக்கு மேல் வசூலாகி, மாண்டோரின் குடும்பத்தாருக்கும் ஜாகையை இழந்தோருக்கும் போயிற்று. ஜாகையை இழந்தவர்களில் ஒருவர் அந்தப் பணத்தைக் கொண்டு அதே இடத்தில் மீண்டும் குடியேறலாமென்று நினைத்தால் அது கனவுதான். அங்கே வரப்போவதும் பன்னிரண்டு மாடிக் கட்டிடமே. ஆனால் பழைய 136 ஜாகைகளுக்குப் பதிலாக 37 வீடுகள். விலை 1 கோடியே 50 லட்சம் டாலரிலிருந்து ஆரம்பம்.

அந்த மனையிலிருந்து ஆலயத்துக்கு ஏழெட்டு வீதிதான். சற்று மெள்ள நடந்தே போய்விடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் தள்ளுவண்டிகளும் தாத்தாக்களும் அந்த வேலியைக் கடந்துதான் வடக்கு நோக்கிப் போகிறார்கள். புதிய வீடுகளின் சொந்தக்காரர்களில் எத்தனை பேர் அந்த நேரத்தில் ஊரில் இருப்பார்கள், எங்கேனும் ஒன்பது பேர் கூடி நின்று மாடியை அண்ணாந்து பார்க்கும்போது பத்தாவது ஆளாக இறங்கி வர அங்கே யாராவது இருப்பார்களா என்பதெல்லாம் கட்டிடம் எழும்பிய பிறகுதான் தெரியவரும்.